அங்கி யார் கையில் இருந்தது?

எருசலேம் கோயிலின் வடமேற்கு மூலையை ஒட்டி அந்தோனியா என்றொரு கோட்டை இருந்தது. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரோமப் படை தங்கியிருந்தது. அந்தக் கோட்டைக்குள் கல்லால் கட்டிய ஓர் அறை எப்போதும் முத்திரையிட்டே கிடந்தது. முத்திரை ஆசாரியர்களுடையது, கோயில் கருவூலக் காப்பாளர்களுடையதும் அதில் இருந்தது. கோட்டைத் தலைவனுக்கு அந்த அறை சார்ந்து ஒரு வேலை உண்டு: நாள்தோறும் அங்கே விளக்கேற்ற வேண்டும். உள்ளே இருந்தது படைக்கலமோ வரிப்பணமோ இல்லை. யூதர்களின் பிரதான ஆசாரியர் உடுத்தும் உடுப்பு.

ஒரு பேரரசு ஓர் ஆசாரியரின் துணிமணியைக் காவல் போட்டுப் பாதுகாத்தது ஏன்? பழங்கால யூத வரலாற்றில் சமய அதிகாரமும் அரசதிகாரமும் எப்படி மோதின என்பதைப் பெரும்பாலும் போர்கள் வழியாகவும் தீர்க்கதரிசிகள் வழியாகவும்தான் சொல்கிறார்கள். இந்த ஒரு கட்டு உடுப்பு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பின்தொடர்ந்தால் அதே வரலாறு இன்னும் தெளிவாகப் புரியும் என்பது என் எண்ணம். இருநூறு ஆண்டுச் சண்டை முழுவதும் அதற்குள் மடிந்து கிடக்கிறது.

முதலில் உடுப்பைப் பார்த்துவிடுவோம். யாத்திராகமம் 28ஆம் அதிகாரம் அதை அங்குலம் அங்குலமாக விவரிக்கிறது. சாதாரண ஆசாரியனுக்கு நான்கு உடுப்புகள்: உள்சட்டை, சணல்நூல் அரையுடை, இடைக்கச்சை, தலைப்பாகை. பிரதான ஆசாரியருக்கு இவற்றோடு மேலும் நான்கு. நீலநிற அங்கி, அதன் கீழ் ஓரத்தில் பொன்மணியும் மாதுளை வடிவத் தொங்கலும் மாறிமாறி. அதற்கு மேல் பொன்னிழையும் நீலமும் இரத்தாம்பரமும் சிவப்பும் மெல்லிய பஞ்சுநூலும் சேர்த்து நெய்த ஏபோத்து என்ற மேலாடை. அதன் இரு தோள்களிலும் ஒவ்வொரு கல், கல்லுக்கு ஆறு கோத்திரப் பெயர். மார்பில் நான்கு வரிசையாகப் பன்னிரண்டு கற்கள் பதித்த மார்ப்பதக்கம். நெற்றியில் ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்று பொறித்த பொற்பட்டம். ஆக எட்டு.

இந்த எட்டில் ஒன்று குறைந்தாலும் அவர் செய்யும் பலி செல்லாது. இது யூதச் சட்ட ஆசிரியர்களான பிற்கால ரபிகளின் சட்டத்தில் திட்டவட்டமாக இருக்கிறது: உடுப்புக் குறைந்தவன் செய்த ஊழியம் ஊழியமே இல்லை. ஆசாரியன் நல்லவனா கெட்டவனா என்பதைவிட இந்தக் கணக்கு கறாரானது. கெட்டவன் எட்டும் உடுத்திச் செலுத்தினால் பலி செல்லும். நல்லவன் ஏழு உடுத்திச் செலுத்தினால் செல்லாது.

இதைவிட முக்கியமான இன்னொரு சங்கதி உண்டு. பழைய முறைப்படி பிரதான ஆசாரியரை ஆக்குவது அபிஷேகத் தைலம். அவர் தலையில் ஊற்றப்படும் அந்தத் தைலம், பாபிலோனியர் இடித்தபின் திரும்பக் கட்டிய இரண்டாம் கோயிலின் காலத்தில் இல்லை. அப்படியானால் ஒருவர் எப்படிப் பிரதான ஆசாரியர் ஆனார்? உடுத்துவதால். ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா இரண்டு வகைப் பிரதான ஆசாரியர்களைப் பிரித்தே பேசுகிறது: தைலத்தால் அபிஷேகம் பெற்றவர், கூடுதல் உடுப்புகளால் பதவி பெற்றவர். இரண்டாம் கோயிலில் இருந்தவர்கள் எல்லாரும் இரண்டாம் வகை. தைலத்தைச் சிறைபிடிக்க முடியாது, ஊற்றியதும் உடம்போடு போய்விடும். உடுப்பு அப்படியல்ல. கழற்றலாம், மடிக்கலாம், பெட்டியில் வைத்துப் பூட்டலாம், வேறொருவருக்குக் கொடுக்கலாம். பதவியே உடுப்பில் வந்து நின்றுவிட்ட பிறகு, பெட்டி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் பதவியின் கழுத்து இருக்கிறது.

அரசர்கள் இதை உடனே கண்டுகொள்ளவில்லை. முதலில் அவர்கள் கையாண்டது பணவழி. கி.மு. 175இல், சீரியாவிலிருந்து யூதேயாவையும் ஆண்ட செலூக்கிய வம்சத்து அரசன் நான்காம் அந்தியோக்கு அரியணை ஏறியதும், அன்றைய பிரதான ஆசாரியர் மூன்றாம் ஓனியாவின் தம்பி யாசோன் நேரே அவனிடம் போனான். 360 தாலந்து வெள்ளி, வேறு வருமானத்திலிருந்து 80 தாலந்து, எருசலேமில் கிரேக்கப் பயிற்சிக்கூடம் அமைக்க அனுமதித்தால் மேலும் 150. ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோ. அண்ணன் உயிரோடிருக்கும்போதே தம்பிக்குப் பதவி வந்தது. மூன்றே ஆண்டில் யாசோன் கப்பப் பணத்தோடு அனுப்பிவைத்த மெனெலாவு, அரசன் முன்னால் நின்றதும் யாசோனைவிட 300 தாலந்து கூடுதலாகத் தருகிறேன் என்று சொல்லிப் பதவியைத் தன் பேருக்கு வாங்கிக்கொண்டான்.

ஏலத்தில் எடுத்த பதவியின் கோளாறு அடுத்த மாதமே தெரியும். பேசிய தொகை மெனெலாவிடம் இல்லை. எருசலேம் கோட்டைத் தலைவன் தவணை கேட்டு நின்றான். இருவரையும் அரசன் அழைத்தான். மெனெலாவு கோயிலின் பொற்பாத்திரங்களை எடுத்து அதிகாரிகளுக்குக் கொடுத்துச் சமாளித்தான். அதைக் கண்டித்த ஓனியா, அந்தியோக்கியா அருகே தாப்னே என்ற அடைக்கலத் தலத்திலிருந்து நயவஞ்சகமாக வெளியே வரவழைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். பதவிக்குக் கொடுக்கும் பணம் கடைசியில் கோயிலிலிருந்துதான் வரும். கோயிலில் கைவைத்தால் மக்கள் எழுவார்கள். அந்தியோக்குக்கு எதிராக யூதர்கள் நடத்திய மக்கபேயர் எழுச்சிக்குச் சிலை வழிபாடு மட்டுமே காரணம் என்று சொல்பவர்கள் இந்த ஏலக் கணக்கைப் படிக்காமல் விடுகிறார்கள்.

எழுந்தவர்கள் வென்றார்கள். வென்றபின் அவர்கள் செய்ததுதான் என்னை வெகுநேரம் யோசிக்க வைக்கிறது. கி.மு. 152இல் செலூக்கிய அரியணைக்குப் போட்டியிட்ட அலெக்சாண்டர் பாலா, மக்கபேயர் தலைவன் யோனத்தானைத் தன் பக்கம் இழுக்க ஒரு கடிதமும் இரத்தாம்பர ஆடையும் பொன்முடியும் அனுப்பினான். கடிதத்தில் பிரதான ஆசாரியர் நியமனம் இருந்தது. அந்த ஆண்டுக் கூடாரப் பண்டிகையில் யோனத்தான் பரிசுத்த உடுப்பை அணிந்துகொண்டார். அதே நாட்களில் படையும் திரட்டினார். அந்நிய அரசனின் நியமனத்தை எதிர்த்து வாளெடுத்த குடும்பம், அந்நிய அரசன் ஒருவனின் கடிதத்தை வைத்தே அங்கியை உடுத்தது. அவர்கள் ஆசாரியக் குலத்தவர்தாம், யோயாரிபின் வகுப்பினர். ஆனால் ஓனியாவின் வம்சம் இல்லை.

அந்தக் குறை அவர்களுக்கே தெரிந்திருந்தது. கி.மு. 140இல் யோனத்தானின் அண்ணன் சீமோனுக்கு மக்கள் அவை பதவியை உறுதிசெய்து வெண்கலப் பலகைகளில் பொறித்தபோது, அவர் என்றென்றைக்கும் தலைவரும் பிரதான ஆசாரியரும் என்று எழுதிவிட்டு, ஒரு வாசகத்தையும் சேர்த்தார்கள்: நம்பத்தக்க தீர்க்கதரிசி ஒருவர் எழும்பும் வரை. கடவுள் சொன்னால் மாற்றிக்கொள்கிறோம், அதுவரை இப்படி. யூத அரசியல் ஆவணங்களில் இதைவிட நேர்மையான ஒரு வரியை நான் படித்ததில்லை. அதிகாரம் தன் ஆயுளுக்குத் தானே வரம்பு எழுதிவைப்பது அரிது.

சீமோனின் மகன் யோவான் இர்க்கான் காலத்தில்தான் உடுப்புக்கு முதன்முதலாகக் கோட்டைவாசம் வந்தது. அவர் கோயிலை ஒட்டிப் பாரிஸ் என்ற காவற்கோட்டையைக் கட்டி, பெரும்பாலும் அங்கேயே குடியிருந்தார். உடுப்பையும் அங்கேயே வைத்துக்கொண்டார். உடுத்தும் உரிமை அவர் ஒருவருக்கே இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஊருக்குள் இறங்கும்போது சாதாரண உடையில் போவார். அரசரும் ஆசாரியரும் ஒரே ஆளாக இருக்கும்வரை அங்கி எங்கே தொங்குகிறது என்பது வீட்டு விஷயம். ஆனால் பழக்கம் என்ற ஒன்று உருவாகிவிட்டது: அங்கி கோட்டையில் இருக்கும், கோயிலில் இருக்காது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் இந்தப் பழக்கத்தின் மேல்தான் பூட்டுப் போட்டார்கள்.

ஒரே ஆள் இரண்டாகவும் இருப்பதை எல்லாரும் ஏற்கவில்லை. எலெயாசார் என்ற ஒருவர் விருந்திலேயே இர்க்கானிடம், பிரதான ஆசாரியத்தை விட்டுவிடும், மக்களை ஆளுவதோடு நிறுத்திக்கொள்ளும் என்றார். இர்க்கானின் தாய் ஒரு காலத்தில் சிறைபிடிக்கப்பட்டவள், ஆகவே அவர் பிறப்பில் ஐயம் உண்டு என்பது சொன்ன காரணம். வரலாற்றாசிரியர் யோசேபஸ் இதைப் பொய் என்கிறார். ஆனால் இந்த மனவருத்தத்திலிருந்துதான் இர்க்கான் பரிசேயர் என்ற சமயக் கட்சியை விட்டு, அவர்களுக்கு எதிரான சதுசேயர் பக்கம் சாய்ந்தார் என்பதும் அவர் சொல்வதே. அடுத்த தலைமுறை முடியையும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டது. கி.மு. 103 முதல் 76 வரை ஆண்ட அலெக்சாண்டர் யன்னேயு கூடாரப் பண்டிகையன்று பலிபீடத்தில் நின்றபோது, கூடியிருந்த மக்கள் கையிலிருந்த எத்ரோக் பழங்களை அவர்மேல் வீசினார்கள். எத்ரோக் என்பது கடாரங்காய் வகை. அந்தப் பண்டிகையில் எல்லார் கையிலும் இருக்கும். பதிலுக்கு அவர் ஏறத்தாழ 6,000 பேரைக் கொன்றார் என்கிறார் யோசேபஸ். அதோடு, ஆசாரியர் மட்டும் நுழையும் எல்லையில் பலிபீடத்தைச் சுற்றி ஒரு மரத்தடுப்பையும் எழுப்பினார். வாள் ஒரு நாளைக்கு. தடுப்பு எல்லா நாளைக்கும்.

அவருடைய நாணயங்களும் இந்த இழுபறியைச் சொல்கின்றன. சிலவற்றில் ‘அரசன் யோனத்தான்’ என்று எபிரேயத்திலும் ‘அரசன் அலெக்சாண்டர்’ என்று கிரேக்கத்திலும். வேறு சிலவற்றில் ‘பிரதான ஆசாரியன் யோனத்தானும் யூதர் அவையும்’. அரசப் பட்டம் இருந்த காசின் மேலேயே ஆசாரியப் பட்டத்தை மறு அச்சு அடித்தவையும் கிடைத்திருக்கின்றன. ஏன் மறு அச்சு என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. எந்தப் பெயரால் தன்னை அழைத்துக்கொள்வது என்ற தயக்கம் செம்பின் மேலேயே பதிந்திருக்கிறது என்பது மட்டும் உறுதி.

கி.மு. 63இல் ரோமப் படைத்தலைவன் பொம்பே வந்தபோது அவன் முன்னால் யன்னேயுவின் இரு மகன்களும் வழக்கைச் சொன்னார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டமும் வந்தது: எங்களுக்கு இருவருமே அரசராக வேண்டாம், எங்கள் கடவுளின் ஆசாரியருக்குக் கீழ்ப்படிவதே எங்கள் வழக்கம் என்றது. பொம்பே மூத்தவர் இரண்டாம் இர்க்கானுக்கு ஆசாரியத்தை மட்டும் கொடுத்தான், முடியைக் கொடுக்கவில்லை. மூன்றாவது கூட்டம் கேட்டது கிடைத்ததுபோலத் தோன்றும். உண்மையில் கிடைத்தது வேறு: ஆசாரியரை நியமிப்பவன் இப்போது ரோமன்.

பதவியைப் பறிக்க அன்று இன்னொரு வழியும் இருந்தது, கொடிய வழி. கி.மு. 40இல் ரோமின் கிழக்குப் பகைவர்களான பார்த்தியர் துணையோடு எருசலேமைப் பிடித்த அந்திகோனு, தன் பெரியப்பா இர்க்கானின் காதுகளை அறுத்தான். உடலில் ஊனமுள்ளவன் பலி செலுத்தக் கூடாது என்பது லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தின் சட்டம். கொல்லாமலேயே ஒருவரைப் பதவிக்கு என்றைக்கும் ஆகாதவராக்கியது அந்தக் கத்தி.

பிறகு ரோமர் அரசனாக்கிய ஏரோது. இவனுடைய சிக்கல் புதிது. ஏதோமியக் குடும்பம், எந்த விதத்திலும் ஆசாரியனாக முடியாது. அங்கியை உடுத்தவே முடியாத முதல் நிலையான அரசன் இவன்தான். கி.மு. 37இல் பதவிக்கு வந்ததும் பாபிலோனிலிருந்து அனனேல் என்ற பெயரறியா ஆசாரியனைக் கொண்டுவந்து உட்காரவைத்தான். மாமியார் அலெக்சாந்திரா கிளியோபாத்ராவுக்கு எழுதி நெருக்கவே, மனைவியின் தம்பி அரிஸ்தோபுலுவை நியமித்தான். பையனுக்கு வயது 17. கூடாரப் பண்டிகையில் அவன் எட்டு உடுப்பும் அணிந்து பலிபீடத்தில் ஏறினான். நல்ல உயரம், நல்ல முகம், பழைய அரச வம்சத்து இரத்தம். கூட்டம் அழுதது, வாழ்த்தியது. பண்டிகை முடிந்து எரிகோவில் குளத்தில் விளையாடும்போது அவனை நீரில் அமிழ்த்திப் பிடித்துக் கொன்றார்கள். கி.மு. 35. ஏரோது ஆடம்பரமாகச் சவ அடக்கம் செய்தான்.

அந்தப் பண்டிகை நாளில் ஏரோதுக்கு ஒன்று புரிந்திருக்க வேண்டும். கூட்டம் வாழ்த்தியது பையனை மட்டுமல்ல, அந்த உடுப்பில் நின்ற பையனை. ஆளைக் கொல்லலாம். ஆனால் உடுப்பு அடுத்தவன் மேல் ஏறிக்கொள்ளும். ஆகவே உடுப்பையே பிடித்து வைத்தான். பாரிஸ் கோட்டையை விரித்துக் கட்டி, தன் புரவலன் மாற்கு அந்தோனியின் பெயரால் அந்தோனியா என்றான்; உடுப்பை அங்கேயே வைத்தான். அது தன் கையில் இருக்கும்வரை மக்கள் தனக்கெதிராக எழமாட்டார்கள் என்று அவன் நம்பியதாக யோசேபஸ் வெளிப்படையாகவே எழுதுகிறார். மகன் அர்கெலாயு அதையே தொடர்ந்தான். கி.பி. 6இல் அவனை நாடுகடத்திவிட்டு யூதேயாவை ரோமர் நேரடியாக எடுத்துக்கொண்டபோது, கோட்டையோடு அறையும் அறையோடு உடுப்பும் அவர்களிடம் வந்து சேர்ந்தன. அவர்கள் எதையும் கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை.

நடைமுறை இப்படி இருந்தது. ஆண்டில் நான்கு முறை உடுப்பு வெளியே வரும்: பஸ்கா, பெந்தெகொஸ்தே, கூடாரப் பண்டிகை ஆகிய மூன்றுக்கும், பாவநிவிர்த்தி நாள் உபவாசத்துக்கும். கருவூலக் காப்பாளர்கள் கோட்டைத் தலைவனிடம் போவார்கள். முதலில் தங்கள் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அறை திறக்கும். உடுப்பைக் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தீட்டுக் கழிப்பார்கள். பிரதான ஆசாரியர் உடுத்துவார். பண்டிகையின் முதல் நாள் முடிந்ததும் மறுபடியும் அறைக்கு, மறுபடியும் முத்திரை. பண்டிகை ஏழு நாள் நடந்தாலும் உடுப்புக்கு அந்த முதல் நாளோடு விடுமுறை முடிந்தது.

எத்தனை நாள் முன்னதாகக் கொடுத்தார்கள் என்பதில் யோசேபஸே இரண்டு விதமாக எழுதுகிறார். ஓரிடத்தில் ஒரு நாள், இன்னோரிடத்தில் ஏழு நாள். எனக்கு ஏழுதான் பொருத்தமாகப் படுகிறது. பிணத்தீட்டைக் கழிக்க எண்ணாகமம் 19 கேட்பது ஏழு நாள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தீட்டுக்கழிக்கும் நீரைத் தெளிக்க வேண்டும். புறவினத்தார் குடியிருக்கும் வீடு தீட்டுள்ளது என்று மிஷ்னா சொல்கிறது. இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுவந்தவர்கள் பஸ்காவுக்குமுன் தீட்டுப்படக் கூடாதென்று தேசாதிபதியின் அரண்மனைக்குள் நுழையாமல் வெளியே நின்றார்கள் என்று யோவான் சுவிசேஷத்தில் படித்திருப்போம், அதே கவலைதான். ரோமப் படைவீடு ஒன்றில் மாதக்கணக்கில் கிடந்த உடுப்பை ஒரே நாளில் தூய்மையாக்கி உடுத்துவது எப்படி? ஏழு நாள் என்று கொண்டால், கோட்டைத் தலைவன் அறையை இரண்டு நாள் தாமதமாகத் திறந்தாலே அந்தப் பண்டிகைக்கு உடுப்பு தயாராகாது. மற்ற பண்டிகைகளின் பலிகளைச் சாதாரண ஆசாரியர்களே செலுத்திவிடலாம். பாவநிவிர்த்தி நாளின் ஊழியம் அப்படியல்ல. அதைப் பிரதான ஆசாரியர் ஒருவரே செய்தாக வேண்டும். இரண்டு நாள் தாமதம் ஒரு தேசத்தின் ஓராண்டுப் பாவத்தை அப்படியே நிறுத்திவைத்துவிடும்.

அந்த நாளில் உடுப்பு எத்தனை முறை மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். அன்றாடப் பலிக்குப் பொன்னுடுப்பு எட்டும். கோயிலின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது வெறும் வெள்ளைச் சணல்நூல் உடுப்பு நான்கு. மாறிமாறி உடுத்துவதில் ஐந்து முறை முழுக்கு, பத்து முறை கைகால் கழுவுதல். வெள்ளை உடுப்புக்கு மிஷ்னா விலை சொல்கிறது: காலையில் உடுத்துவது எகிப்தின் பெலூசியத்துச் சணல், மாலையில் உடுத்துவது இந்தியத் துணி, ரபி மேயீர் கணக்கில் காலை உடுப்பு 12 மினா, மாலை உடுப்பு 800 சூஸ். சூஸ் ஒரு வெள்ளிக்காசு, ஒரு மினா 100 சூஸ். செலவு பொதுப்பணம், கூடுதல் வேண்டுமானால் ஆசாரியர் கையிலிருந்து போட்டுக்கொள்ளலாம். எருசலேமின் மிகப் புனிதமான மாலைப் பொழுதில் உடுத்த இந்தியாவின் பெயர் சொன்ன துணி இருந்தது என்பதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு.

உடுப்பைப் பூட்டியதோடு ரோமர் ஆளையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கி.பி. 6இல் சீரியாவின் ஆளுநர் குரேனியு அன்னாவை நியமித்தான். கி.பி. 15இல் தேசாதிபதி கிராத்து அவரை இறக்கி, வரிசையாக மூவரை வைத்துப் பார்த்து, கடைசியில் காய்பாவிடம் நின்றான். மூவரில் இருவர் ஓராண்டு அளவே இருந்தார்கள். ‘அந்த வருஷத்துப் பிரதான ஆசாரியனாகிய காய்பா’ என்று சுவிசேஷம் சொல்வதில் இந்தக் காலத்தின் வாடை அடிக்கிறது. காய்பா மட்டும் ஏறத்தாழ 18 ஆண்டு தாக்குப்பிடித்தார். அவர் அன்னாவின் மருமகன். அன்னாவின் மகன்களில் ஐவர் அந்தப் பதவிக்கு வந்தார்கள். ஏரோது காலம் தொட்டுக் கோயில் எரிந்த நாள் வரை 107 ஆண்டில் 28 பேர் என்று யோசேபஸ் எண்ணிக்கை தருகிறார். முன்பு சாகும்வரை வகித்த பதவி அது. ஆண்டுக்கொரு முறை மாறும் அதிகாரிகளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாலேயே பிரதான ஆசாரியர் தங்கும் அறைக்குப் பிற்காலத்தில் பெயர் வந்தது என்று ரபிகளின் பெருந்தொகுப்பான தல்மூத் நினைவுகூர்கிறது.

கி.பி. 36–37 வாக்கில் சீரியாவின் ஆளுநர் விட்டெல்லியு எருசலேமுக்கு வந்தான். பிலாத்துவை ரோமுக்கு அனுப்பியவன் இவன். மக்கள் சிறப்பாக வரவேற்றார்கள். விளைபொருள் விற்பனை வரியை நீக்கினான். உடுப்பைக் கோயிலிலேயே ஆசாரியர் பொறுப்பில் வைத்துக்கொள்ள அனுமதித்தான். கூடவே காய்பாவை இறக்கி அன்னாவின் மகன் யோனத்தானை அமர்த்தினான். பிறகு அவரையும் இறக்கித் தம்பி தெயோப்பிலுவை அமர்த்தினான். இந்தச் சலுகையைச் சரியாக எடை போட வேண்டும். உடுப்பைக் கொடுத்தான்; உடுத்துபவரைத் தேர்ந்தெடுப்பதைக் கொடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் முழு அதிகாரம்.

ஆனாலும் மக்களுக்கு அது சிறிய விஷயமாக இருக்கவில்லை. யூதேயாவை அரசனாக ஆண்ட ஏரோதின் பேரன் முதலாம் அகிரிப்பா கி.பி. 44இல் இறந்ததும், புதிதாக வந்த தேசாதிபதி பாது உடுப்பை மறுபடி அந்தோனியாவில் வைக்கச் சொன்னான். கலகம் வரும் என்று அஞ்சி, சீரியாவின் ஆளுநர் லொங்கினு பெரும்படையோடு எருசலேமுக்கே வந்து நின்றான். யூதத் தலைவர்கள் எதிர்த்துப் போரிடவில்லை. பேரரசனிடம் தூது அனுப்ப அனுமதி கேட்டார்கள். பிணையாகப் பிள்ளைகளைக் கொடுங்கள் என்றபோது கொடுத்தார்கள். ஒரு கட்டு உடுப்புக்காகத் தங்கள் பிள்ளைகளைப் பிணை வைத்தார்கள் என்ற இந்த ஒரு வரியில் அந்த உடுப்பின் மதிப்பு இருக்கிறது. ரோமில் இருந்த இளைஞன், இறந்தவனின் மகன் இரண்டாம் அகிரிப்பா, பரிந்து பேசினான். பேரரசன் கிலவுதியு கி.பி. 45 ஜூன் 28 தேதியிட்ட கடிதத்தில், விட்டெல்லியு செய்ததே நிற்கட்டும், அவரவர் தங்கள் முன்னோர் வழக்கப்படி வழிபடட்டும் என்று எழுதினான்.

அதே சமயத்தில் மறைந்த அகிரிப்பாவின் சகோதரன், கல்கீஸ் அரசன் ஏரோது, மூன்று அதிகாரங்களைக் கேட்டுப் பெற்றான்: கோயில்மேல் அதிகாரம், கோயில் கருவூலம், பிரதான ஆசாரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அவனுக்குப் பிறகு அவை இரண்டாம் அகிரிப்பாவிடம் போயின. ஆக கி.பி. 45க்குப் பிறகு உடுப்பு கோயிலில், தேர்வு ஏரோது குடும்பத்தில், வாள் தேசாதிபதியிடம். மூன்றாகப் பிரிந்த அதிகாரம் ஒன்றையொன்று அடக்கும் என்று யாராவது நினைத்திருந்தால், நடந்தது வேறு. அகிரிப்பா தன் அரண்மனையில் சாப்பிட்டுக்கொண்டே பலிபீடத்து வேலைகளைப் பார்க்கும்படி ஒரு கூடம் கட்டினான்; ஆசாரியர்கள் பார்வையை மறைத்துச் சுவர் எழுப்பினார்கள். தேசாதிபதி பெஸ்து இடிக்கச் சொன்னான். தூது பேரரசன் நீரோவிடம் போனது. சுவர் நிலைத்தது, ஆனால் தூது போன பிரதான ஆசாரியர் இஸ்மவேலையும் கருவூலக் காப்பாளரையும் ரோமிலேயே பிணையாக நிறுத்திக்கொண்டார்கள். கி.பி. 62இல் பெஸ்து இறந்து அடுத்த தேசாதிபதி வந்துசேராத இடைவெளியில், அன்னாவின் மகனான இளைய அன்னா நியாயசபையைக் கூட்டி இயேசுவின் சகோதரர் யாக்கோபைக் கல்லெறிந்து கொல்லவைத்தார். மூன்றே மாதத்தில் அகிரிப்பா அவரை இறக்கினான்.

இறக்கப்பட்டவர்கள் வீட்டோடு போய்விடவில்லை. இதுதான் ஆளை மாற்றிக்கொண்டே இருந்ததன் கசப்பான விளைவு. முன்னாள்கள் பெருகப் பெருக ஆளுக்கொரு கோஷ்டி, ஆளுக்கொரு தடியடிக் கூட்டம். அடியாட்களைக் களத்துமேட்டுக்கே அனுப்பி ஆசாரியருக்குரிய தசமபாகத்தை வாரிக்கொண்டார்கள். ஏழை ஆசாரியர்கள் பட்டினியால் செத்தார்கள். பிற்கால ரபிகள் பாதுகாத்த ஒரு புலம்பல், பெரிய ஆசாரியக் குடும்பங்களைப் பெயர் பெயராகச் சொல்லி, அவர்கள் பிரதான ஆசாரியர், அவர்கள் பிள்ளைகள் கருவூலக்காரர், மருமகன்கள் மேற்பார்வையாளர், வேலைக்காரர்கள் நம்மைத் தடியால் அடிக்கிறார்கள் என்று அழுகிறது. பணம் கொடுத்துப் பதவி வாங்குவதும் திரும்பி வந்திருந்தது. மார்த்தா என்ற பணக்காரப் பெண் தன் கணவர் யோசுவா பென் கம்லாவுக்காக மூன்று கப் அளவு, அதாவது சுமார் 4 லிட்டர் கொள்ளும் பாத்திரம் நிறையத் தீனார்களை அரசனுக்குக் கொடுத்தாள் என்கிறது தல்மூத். அதே தல்மூத்தான், ஊர்தோறும் ஆசிரியர்களை வைத்து ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வி கிடைக்கச் செய்தவர் இந்த யோசுவா என்று நன்றியோடு நினைக்கிறது. பணத்தால் வந்தவரை அப்படியே குப்பையில் தள்ளிவிடாத இந்த நியாயம் எனக்குப் பிடிக்கிறது.

கி.பி. 66இல் கலகம் வெடித்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் கலகக்காரர்களில் தீவிரக் கூட்டமான செலோத்தியர் கோயிலைப் பிடித்தபோது அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று பிரதான ஆசாரியரை மாற்றியது. குடும்பமும் பார்க்கவில்லை, பணமும் பார்க்கவில்லை. ஓர் ஆசாரியக் குலத்தை அழைத்துச் சீட்டுப் போட்டார்கள். அப்தியா என்ற கிராமத்துச் சாமுவேலின் மகன் பன்னியா பெயர் வந்தது. யோசேபஸுக்கு ஆத்திரம் அடங்கவில்லை: பிரதான ஆசாரியம் என்றால் என்னவென்றே தெரியாத நாட்டுப்புறத்தான், விருப்பமில்லாமல் இழுத்துவந்து, நாடகத்தில் வேஷம் கட்டுவதுபோல உடுப்பைப் போட்டுவிட்டார்கள், எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், தூரத்தில் நின்ற ஆசாரியர்கள் கண்ணீர் விட்டார்கள் என்கிறார். அந்தக் கண்ணீரை நான் முழுதாக நம்பவில்லை. யோசேபஸ் தாமே உயர்குல ஆசாரியர். ரபிகளின் தொகுப்பொன்று அதே மனிதரை வேறு கண்ணால் பார்க்கிறது: அதிகாரிகள் தேடிப்போனபோது அவர் கல்வெட்டிக்கொண்டிருந்தார், கல்வெட்டிய குழியைப் பொற்காசால் நிரப்பினார்கள் என்று. இன்னொரு ரபி, இல்லை, அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை, எலிசாவைப்போல உழுதுகொண்டிருந்தார் என்கிறார். நூறாண்டுக்கு மேல் அரசர்களும் ஆளுநர்களும் நியமித்த வரிசையில், யாருடைய தயவும் இல்லாமல் உடுத்தியவர் இந்தக் கல்வெட்டி ஒருவர்தான்.

அவருக்கு அதை உடுத்திவிட முடிந்ததே, உடுப்பு கோட்டையில் இல்லாமல் கோயிலில் இருந்ததால். இரண்டாம் முறை பூட்டத் துடித்த பாது அஞ்சியது இதைத்தான் என்று தோன்றுகிறது.

கி.பி. 70இல் கோயில் எரிந்தபின், தெபூதியின் மகன் இயேசு என்ற ஆசாரியர் உயிர்ப்பிச்சைக்கு ஈடாகச் சுவருக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தவை: குத்துவிளக்குகள் இரண்டு, மேசைகள், பாத்திரங்கள், திரைச்சீலைகள், பிரதான ஆசாரியரின் உடுப்புகள், அவற்றின் கற்கள். கருவூலக் காப்பாளர் பினெகாசு பிடிபட்டு, ஆசாரியரின் உள்சட்டைகளையும் கச்சைகளையும் திரை பழுதுபார்க்க வைத்திருந்த இரத்தாம்பர நூலையும் ஒப்படைத்தார்.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ரபிகள் ஒரு நுணுக்கத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொற்பட்டத்தில் ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’ என்ற எழுத்து ஒரே வரியா, இரண்டு வரியா? கடவுளின் பெயர் மேலேயும் மற்றது கீழேயுமாக இரண்டு வரி என்பது மரபு. ரபி எலியேசர் பென் யோசே மறுத்தார். நான் அதை ரோமில் பார்த்தேன், ஒரே வரியில்தான் எழுதியிருந்தது என்றார்.